நூறு மோடு இருக்கு, நம்ம மோடு எது?

வழக்கமா இந்தப் பக்கம் சாப்பாடு, சினிமா, ஊர்க்கதைன்னு ஓடிட்டிருக்கும். இன்னைக்கு கொஞ்சம் பொழப்பு சம்பந்தமான புலம்பல். பொட்டி தட்டுற மக்கள் பயப்பட வேண்டாம், ஃபார்முலா எதுவும் போடப் போறதில்லை. மெக்கானிக்கல், சிவில் பக்கம் இருக்கிறவங்க, அதிலும் சிமுலேஷன் ஓட்டி ரிப்போர்ட் எழுதுற நம்ம கூட்டம், முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க. ஆட்டோ அனுப்பாதீங்க :-)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். ஐகன் ஃப்ரீக்வென்சி அனாலிசிஸ் செஞ்சு, "முதல் பத்து மோடுகள்"னு ஒரு பட்டியல், பக்கத்துல பத்து கலர் படம், கீழே "ஓடும் வேகத்துக்குப் பக்கத்துல எதுவும் இல்லை, ஆகவே பாதுகாப்பானது"ன்னு ஒரு வரி. இவ்வளவுதான் இருக்குன்னா அந்த ரிப்போர்ட்டை வாங்கவே கூடாது. திருப்பி அனுப்பணும். அது அனாலிசிஸ் இல்லை. சாஃப்ட்வேர் துப்பினதை அள்ளித் தட்டுல வச்சது.

தெரியாதவங்களுக்காக சின்னதா ஒரு விளக்கம். எந்தப் பொருளையும் லேசா தட்டிவிட்டா அது தன் இஷ்டத்துக்கு ஆடும். ஊஞ்சல் ஒரு வேகத்துல, கோயில் மணி ஒரு வேகத்துல. அந்த வேகம்தான் அதோட இயல்பு அதிர்வெண். ஆனா ஒரு பொருளுக்கு ஒண்ணே ஒண்ணு இல்லை, நிறைய இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஆடுற விதம் வேற வேற. இந்த அதிர்வெண்ணும் ஆடுற வடிவமும் சேர்ந்ததுதான் மோடு. ரெண்டும் சேர்ந்ததுன்னு சொன்னதை ஞாபகம் வச்சுக்குங்க, நம்ம ஆளுங்க பாதி பேர் வடிவத்தை மறந்துடறாங்க.

பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணை எடுத்துக்குங்க. ஒரு மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் அகலம். மேஜை ஓரத்துல அழுத்திப் பிடிச்சு, 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிட்டு தட்டுங்க. மேலும் கீழும் ஆடுறது நொடிக்கு சுமார் 9 தடவை. அடுத்த வளைவு மோடு அதைப் போல 6.27 மடங்கு, அதாவது 57 ஹெர்ட்ஸ் பக்கம். அதுக்கடுத்தது 17.5 மடங்கு, 159 ஹெர்ட்ஸ் வாக்குல. அப்புறம் 210 பக்கத்துல ஸ்கேல் முறுக்கிக்கிட்டு ஆடுற மோடு ஒண்ணு. பக்கவாட்டுல, அகலத்தோட திசையில வளையுற முதல் மோடு எங்க வரும்? அகலம் தடிமனைப் போல 25 மடங்குங்கிறதால அதோட அதிர்வெண்ணும் 25 மடங்கு. 227 ஹெர்ட்ஸ். பட்டியல்ல அஞ்சாவது ஆள்.

இப்போ உங்க மெஷின் அந்த ஸ்கேலை பக்கவாட்டுல மட்டும்தான் தள்ளுதுன்னு வைங்க. முதல் நாலு மோடும் உங்களுக்கு யாரோ. அஞ்சாவதுதான் சொந்தக்காரன். "முதல் மூணு மோடு போதும் தம்பி"ன்னு சொல்ற பெரியவர் ஒருத்தர் எல்லா ஆபீஸ்லயும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டிருந்தா அந்த அஞ்சாவது ஆள் பட்டியலுக்கே வந்திருக்க மாட்டான்.

ஒரு ஸ்கேலுக்கே இந்தக் கதை. ஒரு கார் பாடியையோ பம்ப் செட்டையோ ரெண்டு மூணு லட்சம் புள்ளியா உடைச்சு மெஷ் போட்டா, கணக்குப்படி பல லட்சம் மோடு இருக்கு. சாஃப்ட்வேர்ல "எத்தனை வேணும்?"னு ஒரு பெட்டி இருக்கும். அதுல 10ன்னோ 20ன்னோ அடிக்கிறோம். அது கீழிருந்து எண்ணி அத்தனையைக் குடுக்கும். எது முக்கியம்னு அதுக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சு சொல்றதுக்குத்தான் நமக்கு சம்பளம்.

இதுல இன்னொரு கூத்து அனிமேஷன். திரையில ஒரு மோடு ரப்பர் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஆடும். மீட்டிங்ல இருக்கிற பெரிய தலை எல்லாம் "அய்யய்யோ, இவ்வளவு வளையுதா?"ன்னு பதறுவாங்க. அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. ஐகன் வேல்யூ கணக்குல விசைன்னு ஒண்ணு உள்ளே போகவே இல்லை. விசை இல்லாம எவ்வளவு ஆடும்னு எப்படிச் சொல்ல முடியும்? வடிவம் மட்டும்தான் நிஜம், அளவை சாஃப்ட்வேர் தன் வசதிக்கு ஒரு விதியை வச்சு நிரப்பிக்குது. அந்தப் படத்துல ஸ்ட்ரெஸ் எத்தனை மெகாபாஸ்கல்னு படிச்சு ரிப்போர்ட்ல எழுதின மகானுபாவர்களையும் பார்த்திருக்கேன். வேண்டாம் மக்களே.

சரி, மேட்டருக்கு வருவோம். "நம்ம மோடு எது"ங்கிற கேள்வியோட கனம் புரியணும்னா லண்டன் மில்லேனியம் பாலத்தை விட நல்ல கதை எனக்குத் தெரியாது.

தேம்ஸ் நதி மேல நடந்து போறவங்களுக்காக மட்டுமே கட்டின பாலம். அரூப் நிறுவனம் பொறியியல், நார்மன் ஃபாஸ்டர் நிறுவனம் கட்டடக்கலை, கூட ஆண்டனி கேரோன்னு ஒரு சிற்பி. நடு ஸ்பான் 144 மீட்டர், தெற்குப் பக்கம் 108, வடக்குப் பக்கம் 81. தொங்கு பாலம்தான், ஆனா கேபிள் உயரமா இல்லாம தட்டையா பக்கவாட்டுல ஓடும். பார்க்க அவ்வளவு ஒல்லி. 2000 ஜூன் 10ஆம் தேதி திறந்தாங்க. கூட்டம் அலைமோதிச்சு. பாலம் இடது வலதா ஆட ஆரம்பிச்சது, நடுவுல 70 மில்லிமீட்டர் வரைக்கும். ஜனங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, கப்பல்ல நடக்கிற மாதிரி காலை அகட்டி வச்சு நடந்தாங்க. அந்த வீடியோவைப் பார்க்காதவங்க தேடிப் பாருங்க. ஜூன் 12ஆம் தேதி மூடிட்டாங்க.

இங்கதான் விஷயமே இருக்கு. பாலத்தோட மோடு கணக்குல யாரும் தப்பு பண்ணலை. தெற்கு ஸ்பான் பக்கவாட்டுல சுமார் 0.8 ஹெர்ட்ஸ். நடு ஸ்பான் பக்கவாட்டுல 0.5 பக்கம் ஒண்ணு, 1 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொண்ணு. இந்த மாதிரி மோடு எல்லாம் எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் பட்டியலோட தலையிலேயே வந்து உட்காரும். ஒளிஞ்சிருந்த மோடு இல்லை இது. ஆனா அன்னைக்கு நடைபாலம்னா எல்லாரும் பயந்தது மேல் கீழ் ஆட்டத்துக்கு. மனுஷன் நொடிக்கு கிட்டத்தட்ட ரெண்டு அடி வைக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் தரையை செங்குத்தா உதைக்கிறது சுமார் 250 நியூட்டன் அளவுக்கு ஏறி இறங்குது. பிரிட்டிஷ் கோட் புத்தகமும் செங்குத்து மோடைத்தான் சோதிக்கச் சொல்லிச்சு. அதையெல்லாம் ஒழுங்கா பார்த்துத்தான் கட்டினாங்க.

பக்கவாட்டு விசை அதுல பத்துல ஒரு பங்குதான், 25 நியூட்டன் வாக்குல. இடது கால் ஒரு பக்கம் தள்ளும், வலது கால் மறுபக்கம் தள்ளும். அதனால ரெண்டு அடிக்கு ஒரு சுற்று, நொடிக்கு ஒரு தடவை. அதாவது 1 ஹெர்ட்ஸ். சின்ன விசைதானேன்னு விட்டா, இங்க ஒரு வம்பு. தரை பக்கவாட்டுல லேசா ஆடினா நாம தடுமாறாம இருக்க காலை மாத்தி வைக்கிறோம். அப்படி வைக்கிறப்போ நம்மை அறியாமலே ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் சக்தி குடுத்துடறோம். மேல் கீழ் ஆட்டத்துல இந்த விவகாரம் இவ்வளவு கிடையாது.

அப்புறம் அரூப் ஆளுங்களே பாலத்து மேல ஆளுங்களைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி நடக்கவிட்டு அளந்தாங்க. 156 பேர் வரைக்கும் பெருசா ஒண்ணும் இல்லை. இன்னும் பத்து பேரை சேர்த்தாங்க, ஆட்டம் கிடுகிடுன்னு ஏறிச்சு. கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி படிப்படியா கூடுற சமாச்சாரம் இல்லை இது, ஒரு எல்லை தாண்டினா பிச்சுக்கிட்டுப் போகும். கடைசியில 37 விஸ்கஸ் டேம்பர், 52 ட்யூன்டு மாஸ் டேம்பர், 50 லட்சம் பவுண்டு செலவு. 2002 பிப்ரவரியில திரும்பத் திறந்தாங்க. அதுக்கப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

வேதனை என்னன்னா இதுக்கு முன்னாடியே இது நடந்திருக்கு. ஜப்பான்ல டோடாங்கிற ஊர்ல ஒரு கேபிள் நடைபாலம், படகுப் போட்டி முடிஞ்சு கூட்டம் கூட்டமா ஜனங்க போறப்போ பக்கவாட்டுல ஆடிச்சு. 0.9 ஹெர்ட்ஸ் பக்கம். ஃபுஜினோவும் அவர் கூட இருந்தவங்களும் 1993ல அதை எழுதியும் வச்சாங்க, நிலநடுக்க ஆராய்ச்சிப் பத்திரிகை ஒண்ணுல. பாலம் கட்டுறவங்க கண்ணுல அது பரவலா படலை. தகவல் இருந்தது, இருக்க வேண்டிய ஆள்கிட்ட இல்லை. நம்ம ஆபீஸ்ல மட்டும்தான் இப்படின்னு நினைச்சுட்டிருந்தேன்.

ஏன் ஆடிச்சுங்கிற விளக்கமே இன்னும் சண்டையில இருக்கு. ஜனங்க எல்லாம் பாலத்தோட தாளத்துக்கு ஒரே மாதிரி கால் வைக்க ஆரம்பிச்சதுதான் காரணம்னு ரொம்ப வருஷம் சொன்னாங்க. ஸ்ட்ரோகாட்ஸ் கூட்டணி 2005ல நேச்சர்ல எழுதினது அந்த வழி. 2021ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல வந்த இன்னொரு ஆய்வு, எல்லாரும் ஒரே தாளத்துல நடக்கவே வேண்டியதில்லை, ஒவ்வொருத்தரும் தடுமாறாம இருக்கப் பண்ற முயற்சியே பாலத்தோட டேம்பிங்கைத் தின்னுடும்னு சொல்லுது. எனக்கு ரெண்டாவதுதான் மனசுக்கு ஒத்துவருது. ரெண்டு பேர் விளக்கத்துலயும் ஆடின மோடு ஒண்ணுதான், அதுல சண்டை இல்லை.

"அதான் பார்ட்டிசிபேஷன் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கே, அதை வச்சு பிடிச்சிருக்கலாமே?"ன்னு விஷயம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. நல்ல கேள்வி. சாஃப்ட்வேர் பட்டியல்ல அதிர்வெண்ணுக்குப் பக்கத்துலயே அந்தக் காலமும் வரும். ஒவ்வொரு மோடுலயும் மொத்த எடையில எவ்வளவு பங்கு ஒரு குறிப்பிட்ட திசையில சேர்ந்து நகருதுன்னு சொல்றது அது. கட்டடத்துக்கு நிலநடுக்கம் பார்க்கிறவங்களுக்கு இதுதான் பைபிள், குரான், கீதை எல்லாம். நம்ம ஐ.எஸ். 1893 கூட, எடுத்துக்கிற மோடுகளோட எடை கூட்டினா குறைஞ்சது 90 சதவீதம் வரணும்னு சொல்லுது. நிலநடுக்கத்துக்கு அது சரி. ஏன்னா அங்க அடித்தளம் மொத்தமா ஒரே திசையில ஆடுது.

ஆனா எல்லா ஆட்டமும் அடித்தளத்துல இருந்து வர்றதில்லையே. ரெண்டு முனையிலும் தாங்கின ஒரு உத்தரத்தை எடுத்துக்குங்க. ரெண்டாவது மோடு 'எஸ்' மாதிரி வளையும், ஒரு பாதி மேலே போனா மறு பாதி கீழே. ரெண்டும் சேர்ந்து கழிஞ்சுபோய் பார்ட்டிசிபேஷன் ஃபேக்டர் பூஜ்யம். "ஆஹா, இது ஆடாது"ன்னு நினைச்சு உத்தரத்தோட கால் பாகத்துல ஒரு மோட்டாரைக் கொண்டுபோய் வச்சீங்கன்னா, அந்த எஸ் மோடு அதிகமா ஆடுற இடத்துலயே கொண்டுபோய் வச்சிருக்கீங்க. அது பாட்டுக்கு ஆடும். லண்டன்ல நடு ஸ்பான்ல ஆடின அந்த 1 ஹெர்ட்ஸ் மோடும் இதே ஜாதிதான், ரெண்டு பாதி எதிரெதிரா வளையுறது. ஸ்பானைத் தனியா பார்த்தா பார்ட்டிசிபேஷன் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை. ஆனா ஜனங்க நடந்தது அதோட முதுகு மேல.

ஆக, பட்டியல்ல எந்தக் காலத்தைப் பார்க்கணும்ங்கிறதே யார் ஆட்டுறாங்கங்கிறதைப் பொறுத்தது. அடித்தளம் ஆட்டினா பார்ட்டிசிபேஷன். ஒரு புள்ளியில விசை விழுந்தா, அந்தப் புள்ளி அந்த மோடுல, அந்தத் திசையில எவ்வளவு நகருதுன்னு பாருங்க. நகரலைன்னா அதிர்வெண் அச்சு அசலா பொருந்தினாலும் அந்த மோடு எழும்பாது.

இதை நம்ம மிருதங்க வித்வான்கள் எந்த சாஃப்ட்வேரும் இல்லாம தினமும் பண்றாங்க. சாதா தோல் ஒண்ணை இழுத்துக் கட்டித் தட்டினா அதோட மோடு எல்லாம் 1, 1.59, 2.14, 2.30ன்னு ஒழுங்கில்லாம வரும். அதான் சாதா மேளத்துல சுருதி கேக்காது. மிருதங்கத்துல வலந்தலை நடுவுல கருப்பா ஒட்டியிருக்கிற கரணை, அந்த எடையைக் கூட்டி, மோடுகளை இழுத்து வரிசைக்குக் கொண்டுவருது. சர் சி.வி. ராமன் 1920ல இதைப் பத்தி நேச்சர்ல எழுதினார், 1934ல இன்னும் விரிவா. தோல் மேல மணலைத் தூவி, எது ஆடாத கோடுன்னு பார்த்து, ஒன்பது மோடு சேர்ந்து அஞ்சே அஞ்சு சுருதியா வந்து விழுறதைக் காட்டினார். முதல் ரெண்டு சுருதிக்கு ஆளுக்கு ஒரு மோடு, அடுத்த ரெண்டுக்கு ரெண்டு ரெண்டு, அஞ்சாவதுக்கு மூணு. பட்டியலா பார்த்தா ஒன்பது வரி. காதுக்கு அஞ்சு.

"நம்"னு அடிக்கிறப்போ கவனிங்க. மோதிர விரலை தோல் மேல லேசா வச்சுக்கிட்டு ஆள்காட்டி விரலால விளிம்புல தட்டுவாங்க. முதல் மோடுல தோல் மொத்தமும் மேலே கீழே போகுது, அதனால எங்க விரல் வச்சாலும் அது செத்துடும். விரல் இருக்கிற இடம் வழியா ஆடாத கோடு போகிற மோடு மட்டும் பிழைச்சு ஒலிக்கும். விரலை எடுத்துட்டு வேற மாதிரி அடிச்சா வேற மோடு. வாத்தியம் அதே, ஐகன் ஃப்ரீக்வென்சி பட்டியல் அதே. கை மாறுது, மோடு மாறுது. நம்ம ரிப்போர்ட்ல அந்தக் "கை" எங்கேன்னுதான் கேக்கறேன்.

இப்போ பொழப்புக்கு வர்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு இடம், பேர் வேண்டாம். செங்குத்து டர்பைன் பம்ப், தலைக்கு மேல மோட்டார் உட்கார்ந்திருக்கும். வேகம் 1480 ஆர்.பி.எம்., அதாவது 24.7 ஹெர்ட்ஸ். ரிப்போர்ட்ல நாலு மோடு சுத்திச் சுத்தி இருந்தது. 18 பக்கம் டெலிவரி பைப் தனியா ஆடுறது. 20.6ல மோட்டார் தலை பைப் திசையில சாயுறது. 25.1ல ஒண்ணு. 28.3ல மோட்டார் தலை பைப்புக்குக் குறுக்கா சாயுறது. மீட்டிங்ல எல்லார் கண்ணும் 25.1 மேல. ஓடும் வேகத்துக்கு ரெண்டு சதவீதம்கூட தள்ளி இல்லை, சிவப்பு கலர் அடிச்சு வச்சிருந்தாங்க.

"சார், இது கப்ளிங் கார்டு தகரம் சார்"னு ஒரு சின்னப் பையன் சொன்னான். சேர்ந்து ஆறு மாசம் ஆகலை. வடிவத்தைப் பார்த்திருக்கான்.

"தகரமோ தங்கமோ, சிவப்பு சிவப்புதானே தம்பி. ஒரு ஸ்டிஃப்னர் போடு."

போட்டாங்க. 25.1 மேலே ஏறிப் போயிடுச்சு, பட்டியல் பச்சை ஆயிடுச்சு. 28.3க்கு 15 சதவீதம் தள்ளி இருக்கு, ஓகேன்னு கையெழுத்து. சைட்ல போட்டு ஓட்டினா மோட்டார் தலை பைப்புக்குக் குறுக்கா ஆட்டம் ஆடுது. என்ன ஆச்சு? மாடல்ல பேஸ் பிளேட்டை பூமியோட அசையாம ஒட்டிட்டாங்க. நிஜத்துல அஸ்திவாரம் அவ்வளவு கெட்டி இல்லை. விறைப்பு கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியா குறைஞ்சாலே 28.3 இறங்கி 25 பக்கம் வந்துடும். வந்துடுச்சு. சமநிலை இல்லாம சுத்துற எடை எல்லாப் பக்கமும் தள்ளும், குறுக்கு திசையை விட்டுவைக்குமா?

அந்தத் தகர மோடு நிஜமாவே ஆடியிருந்தாலும் என்ன? கொஞ்சம் கடகடன்னு சத்தம், ஒரு போல்ட் லூஸ் ஆகும். மோட்டார் தலை சாயுறது அப்படியா? பேரிங் போகும், சீல் போகும், ஷாஃப்ட் போகும். பக்கத்துல நிக்கிற ஆபரேட்டர் ராத்திரி ஷிப்டுல அதோட குடித்தனம் நடத்தணும்.

இதைப் பிடிக்க வழி இருந்ததான்னா, இருந்தது. அதுவும் அதே சாஃப்ட்வேர்ல ரெண்டு கிளிக்ல. ஒவ்வொரு மோடுலயும் ஸ்ட்ரெயின் எனர்ஜி எங்க குவியுதுன்னு படம் போட்டுப் பார்க்கணும். 25.1ல மொத்தமும் தகரத்துல இருக்கும். 28.3ல பேஸ் பிளேட்டைச் சுத்தி நிறைய இருக்கும். பேஸ் பக்கம் எனர்ஜி குவியுற மோடு பேஸைப் பத்தி நீங்க வச்ச அனுமானத்தை நம்பி நிக்குது. அந்த அனுமானம் ஆட்டம் கண்டா அதிர்வெண்ணும் ஆட்டம் காணும். அதனால அந்த மோடுக்கு 15 சதவீதம் பத்தாது. இதையெல்லாம் அதிர்வெண் காலம் மட்டும் சொல்லவே சொல்லாது.

"சந்தேகம்னா எல்லாத்தையும் ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு விறைப்பைக் கூட்டிட்டா போச்சு, சேஃப் சைடு"ன்னு ஒரு வாதம் உண்டு. நல்ல மனசோட சொல்ற வாதம்தான், ஆனா ஒத்துக்க முடியலை. விறைப்பைக் கூட்டுறப்போ ஓடும் வேகத்துக்குக் கீழே நிம்மதியா இருந்த மோடு ஒண்ணு மேலே ஏறி நேரா வேகத்து மேல வந்து உட்காரலாம். 20.6ல இருந்த அந்த மோடை நினைச்சுப் பாருங்க. எடை கூடுது, காசு கூடுது. அதைவிட, சிவப்பா வர்றதெல்லாம் தகரம்தான்னு பழகிப்போனா, ஒரு நாள் தகரமில்லாத சிவப்பு வர்றப்போ யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க.

இன்னொரு தலைவலி, டிசைன் மாத்தினதும் மோடு நம்பர் மாறிடும். நேத்து மூணாவதா இருந்தது இன்னைக்கு நாலாவது. ரிப்போர்ட்ல "மோடு 3: முன்னாடி 31, இப்போ 36, முன்னேற்றம்"னு எழுதியிருக்கும். அது வேற மோடு சாமி! பழைய மூணு அதே 31லதான் இருக்கு, நம்பர் மட்டும் ரெண்டுக்கு இறங்கிட்டுது. வடிவத்தை வடிவத்தோட ஒப்பிட 1982லயே ஆல்மாங், பிரவுன்னு ரெண்டு பேர் மேக்னு ஒரு அளவுகோல் குடுத்துட்டாங்க. ஒண்ணுக்குப் பக்கம் வந்தா ரெண்டும் ஒரே வடிவம், பூஜ்யத்துக்குப் பக்கம்னா சம்பந்தமில்லை. பெரும்பாலான சாஃப்ட்வேர்ல இருக்கு. பயன்படுத்துறவங்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு எச்சரிக்கை: உருண்டையா, சதுரமா சமச்சீரா இருக்கிற பொருள்ல ஒரே அதிர்வெண்ல ரெண்டு மோடு ஜோடியா வரும், அந்த ஜோடி எந்தத் திசையில நிக்கும்னு சாஃப்ட்வேர் இஷ்டம். அங்க தனித்தனியா ஒப்பிட்டா ஏமாந்துடுவீங்க, ஜோடியா பாருங்க.

பட்டியல்ல தலையில பூஜ்யத்துக்குப் பக்கமா ஆறு வரி வந்தா அது கட்டி வைக்காத பொருள் மொத்தமா நகருறது, தொந்தரவில்லை. ஏழு வந்தா எங்கயோ ஒரு பாகம் ஒட்டாம தொங்குது. அதையும் முதல் மோடுன்னு எண்ணி ரிப்போர்ட் அனுப்பினவங்க உண்டு. இதுக்கு மேல சொன்னா வம்பு.

நான் கேக்கறது பெரிய விஷயம் இல்லை. ரன் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எழுதுங்க. இதை ஆட்டப் போறது யாரு, எந்தத் திசையில, எந்த இடத்துல, எந்த அதிர்வெண்ல, ஆடினா யாருக்கு என்ன நஷ்டம். ரிப்போர்ட்ல ஒவ்வொரு மோடுக்கும் பக்கத்துல ஒரு தமிழ் வாக்கியம் (சரி, இங்கிலீஷ் வாக்கியம்): "மோட்டார் தலை குறுக்கா சாயுது, பேஸ் விறைப்பை நம்பி இருக்கு". அந்த வாக்கியத்தை எழுத முடியலைன்னா அந்த மோடை நீங்க இன்னும் பார்க்கலைன்னு அர்த்தம். அப்புறம் நிஜ விசையைப் போட்டு ஒரு ஹார்மானிக் ரெஸ்பான்ஸ் ஓட்டுங்க. எந்த மோடு எழும்புது, எது தூங்குதுன்னு அதுவே காட்டிக் குடுத்துடும். டேம்பிங் எவ்வளவுன்னு தெரியாதேன்னு தயங்காதீங்க. கம்மியா ஒண்ணு, கூட ஒண்ணு வச்சு ரெண்டு தடவை ஓட்டுங்க. எந்த மோடுங்கிறதுக்கு பெரும்பாலும் அதுவே போதும்.

கண்ணுக்குத் தெரியுற ஆட்டமும் ஏமாத்தும்ங்கிறதுக்கு ஒரு கொசுறு. டகோமா பாலம் 1940ல திறந்த நாள்லேர்ந்தே மேலும் கீழும் ஆடிட்டுத்தான் இருந்தது, ஜனங்க அதை வேடிக்கை பார்க்கவே வந்தாங்க, செல்லப் பேர்கூட வச்சாங்க. நவம்பர் 7 காலையிலயும் அதே மேல் கீழ் ஆட்டம், நிமிஷத்துக்கு 36 தடவை வாக்குல. திடீர்னு முறுக்கு மோடுக்கு மாறிச்சு, நிமிஷத்துக்கு வெறும் 12, 14 தடவை. அன்னைக்கே விழுந்துடுச்சு. நாலு மாசமா எல்லாரும் பார்த்துட்டிருந்த மோடு பாலத்தை விழவைக்கலை. (இதை ரெசொனன்ஸ்னு பாடப்புத்தகத்துல எழுதிட்டே இருக்காங்க. காத்துல தானாவே தூண்டிக்கிற ஃப்ளட்டர் அது. அது தனி சண்டை, இன்னொரு நாள் வச்சுக்கலாம்.)

அந்தச் சின்னப் பையன் என்ன ஆனான்னு கேப்பீங்க. வேற கம்பெனிக்குப் போய்ட்டான். போறதுக்கு முன்னாடி அவன் எழுதின கடைசி ரிப்போர்ட்ல மொத்தம் 40 மோடு எடுத்து, 37ஐ ஏன் விட்டுட்டேன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதி, மூணை மட்டும் முன்னாடி வச்சிருந்தான். "இவ்வளவு நீளமா யார் படிப்பா"ன்னு யாரோ ஓரத்துல பென்சில்ல கிறுக்கியிருந்தாங்க.

பி.கு.: பம்ப், டர்பைன், கார் பாடி, கட்டடம்னு யார் எந்தப் பக்கம் இருந்தாலும், உங்க இடத்துல "நம்ம மோடு"ன்னு எப்படிப் பிடிக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல ரெண்டு வரி போடுங்க. டர்பைன் பிளேடு பார்க்கிற அண்ணாச்சிங்க கண்டிப்பா வரணும். அதிர்வெண் மட்டும் இல்லாம தட்டுல எத்தனை விட்டக்கோடு ஆடாம நிக்குதுன்னும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கிற உங்க வழக்கத்தைப் பத்தி தனியா ஒரு பதிவே தேவைப்படுது, அதை நான் எழுதுறதை விட நீங்க எழுதினா நல்லா இருக்கும்.